குடுத்துப் பாருங்கோ

"அப்ப அவவின்ர பிள்ளைக்கு மட்டும் ஏன் குடுத்தனீங்கள்?"

கேட்டவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். வாத எண்ணெய் முடிந்துவிட்டது என்றாலே சத்தம் போடுகிறவர்களோடு இந்தச் சித்த மருந்தகத்தில் பதினொரு வருடமாகக் காலம் தள்ளுகிறேன். இவர் இன்னும் பேச்சு வராத மூன்று வயதுப் பெண்பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, விளங்காத கணக்கை வாத்தியாரிடம் கேட்பதுபோலக் கேட்டார். வன்னியில் துணுக்காய்க்கும் அங்காலிருந்து காலைப் பஸ்ஸில் வந்தவர். கழுவிக் காயவைத்த ஜாம் போத்தல் ஒன்றை ஏற்கனவே என் மேசையில் எடுத்து வைத்துவிட்டார். நெய் வாங்கத்தான்.

அதற்கு ஒரு நிமிடம் முன்னால் நான் சொல்லியிருந்தேன்: "தங்கச்சி, இந்த நெய்யால பிள்ளைக்குக் கதை வராது. இதில வல்லாரையும் பசுநெய்யும்தான் இருக்கு."

சொன்னது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் வந்த கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இருக்கவில்லை. இது நடந்து ஏழு மாதமாகிறது. வேலை முடிந்து குளக்கட்டால் ஸ்கூட்டியில் வரும்போது இன்னமும் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் வருகிறேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில்.

அவர் சொன்ன 'அவ', நாலு வயதுப் பொடியன் ஒருவனின் தாய். அதற்கு முந்தின வருடம், காலபோக விதைப்புக் காலத்தில் முதன்முதலாக வந்தார். பொடியன் வந்ததும் வராததுமாக எண்ணெய்த் தகரத்தின் மூடி ஒன்றைக் கண்டெடுத்து, சீமெந்து நிலத்தில் சுழற்றிவிட்டு, கன்னத்தை நிலத்தில் வைத்துப் படுத்துக்கொண்டான். மூடி சுழன்று, தள்ளாடி, கடைசியில் கடகடவென்று அடங்கும் அந்தச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்திருந்தான். அடங்கியதும் திரும்பச் சுழற்றினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், கையைத் தட்டினேன். மூடியைவிட நான் சுவாரசியமான பொருளாக அவனுக்குத் தெரியவில்லை.

மருத்துவமாது இரண்டு வயதிலேயே கண்டுபிடித்து அனுப்பியிருக்கிறார். பெரியாஸ்பத்திரியில் காது சோதித்து, ஓட்டிசம் என்று சொல்லி, பேச்சுக் கிளினிக்குக்குத் திகதி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தாய் ஒருமுறை போனார். பிறகு போகவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அங்க பிள்ளையோட விளையாடச் சொல்லினம் மிஸ். மருந்து ஒண்டும் தரேல்லை."

எங்கள் சனத்துக்கு இது பெரிய குறை. மருந்து தராமல் அனுப்பினால் கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். மாங்குளம் சந்தியில் பஸ் மாறி, ஒருநாள் கூலியை விட்டுப் போய், விளையாடச் சொன்னதைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வருவதென்றால் யாருக்கும் மனம் விட்டுத்தான் போகும். (ஆங்கில வைத்தியம் செய்கிறவரை 'டொக்டர்' என்பார்கள். கைதடியில் சித்த வைத்தியம் படித்துப் பட்டம் எடுத்து வந்த எங்களை 'மிஸ்' என்பார்கள். அந்த மனத்தாங்கலை இங்கே கொட்டப் போவதில்லை. ஆனால் அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.)

வெறுங்கையோடு வந்தவர் சும்மா இருக்கவில்லை. அப்பம்மா சுட்ட வசம்பைத் தேனில் குழைத்துப் பொடியனின் நாக்கில் தடவிக்கொண்டிருந்தார். கோயிலில் நூல் கட்டினார்கள். "தாய் சின்னனில பங்கருக்குள்ள கிடந்த பயம்தான் பிள்ளைக்கு இறங்கியிருக்கு" என்றார் அப்பம்மா, என் முகத்தைப் பார்த்து. அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, 'மூலிகை மருந்து, ஆறு மாதத்தில் பேச்சு' என்று எங்கிருந்தோ பொட்டலம் எடுப்பித்திருக்கிறார்கள். மாதம் 18,000 ரூபாய். மூன்றாவது மாதத்துக்குத் தாயின் சங்கிலி ஈட்டுக்குப் போய்விட்டது.

பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். செங்கல் நிறத்தில் தூள். பெயர் இல்லை, சரக்கு விபரம் இல்லை, செய்த திகதி இல்லை. என் வயிற்றைப் பிசைந்தது. சிவப்பு என்பதற்காக இரசம், அதாவது பாதரசம், சேர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. காவிக்கல்லும் சிவப்பு, இரும்பில் செய்யும் அயச் செந்தூரமும் சிவப்பு. ஆனால் இரசம் இல்லை என்றும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எங்கள் மருந்தகத்தில் எடை பார்க்கத் தராசு இருக்கிறது, அவ்வளவுதான். பாதரசம், ஈயம், ஆசனிக் எல்லாம் எங்கள் சாஸ்திரத்துக்குள்ளேயே இருக்கிற சரக்குகள். சுத்தி செய்தால் நஞ்சு போய்விடும் என்று படித்துத்தான் வந்தோம். யார் சுத்தி செய்தார், எப்படிச் செய்தார் என்று தெரியாத தூளைப் பிள்ளையின் வாயில் போட எந்தப் படிப்பும் சொல்லித் தரவில்லை. 2004 இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், அமெரிக்காவில் பொஸ்டன் பக்கம் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேத மருந்துகளில் 14 இல் இவற்றில் ஒன்றாவது இருந்தது. ஈயம் என்றால், பிள்ளைக்கு இவ்வளவு மட்டும் பரவாயில்லை என்ற அளவே கிடையாது. பேச்சைக் கொண்டுவரும் என்று கொடுக்கிற மருந்து மூளையை மழுங்கடித்தால் என்ன சொல்வது?

"இதை நிப்பாட்டுங்கோ" என்றேன்.

"நிப்பாட்டிப் போட்டு?"

இங்கேதான் நான் சறுக்கினேனா, அல்லது சரியான ஒன்றைச் செய்தேனா என்பது எனக்கு இன்னும் தீரவில்லை. நிப்பாட்டிப்போட்டு விளையாடுங்கள் என்று சொன்னால் அவர் போய் நாலாவது பொட்டலத்துக்குத் தோட்டையும் ஈடு வைப்பார். அது எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. அதனால் சொன்னேன்: "நான் ஒரு நெய் காய்ச்சித் தாறன்."

"இதைக் குடுத்தா கதைப்பானா மிஸ்?"

"குடுத்துப் பாருங்கோ."

எங்கள் மொழியில் இந்தப் 'பார்' வசதியான சொல். உப்புப் பார்க்கிறோம், சாதகம் பார்க்கிறோம், சம்பந்தம் பேசிப் பார்க்கிறோம். கொடுத்துப் பார் என்றால் கதைப்பான் என்றும் இல்லை, கதைக்கமாட்டான் என்றும் இல்லை. சொன்னவருக்கு ஒரு பொறுப்பும் இல்லை. கேட்கிறவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். அவர் எடுத்துக்கொண்டது 'கதைப்பான்' என்று. எடுத்துக்கொள்வார் என்று எனக்கும் தெரியும்.

பிள்ளை வைத்தியம் சொல்லும் பாலவாகடத்தில் மாந்தம் இருக்கிறது, கணம் இருக்கிறது, தோஷம் இருக்கிறது. ஓட்டிசம் என்று ஒன்றை மேல்நாட்டிலேயே 1943 இல் கானர் என்ற மனநல வைத்தியர் எழுதின பிறகுதான் தனியாகப் பார்க்கத் தொடங்கினார்கள். எங்கள் ஆட்களில் சிலர் அதை ஏதாவது கிரக தோஷத்தோடு பொருத்திவிட்டு, மருந்தும் தயார் என்பார்கள். எனக்கு அந்தப் பொருத்தம் பிடிபட்டதில்லை. வல்லாரையும் நீர்ப்பிரமியும் புத்திக்கு நல்லது என்று படித்தேன். எலியிலும் பெரியவர்களிலும் செய்த சின்னச் சின்ன ஆய்வுகளையும் பார்த்தேன். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு வல்லாரை பேச்சைக் கொண்டுவரும் என்று நம்பும்படி ஒன்றும் கண்டதில்லை. வீட்டுச் சம்பலாகத் தின்கிற இலை, கெடுதல் செய்யாது. அந்தத் தைரியத்தில்தான் காய்ச்சினேன். வசம்பையும் நிப்பாட்டச் சொன்னேன். பிள்ளை வளர்ப்பான் என்று அதற்கே பெயர் வைத்த சனத்திடம் அதைச் சொல்வது லேசில்லை. அதில் உள்ள ஒரு எண்ணெய்ச் சத்து எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியது தெரிந்து, அமெரிக்காவில் 1968 இலேயே உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். அப்பம்மாவிடம் அதை விளக்கவில்லை. "நெய்யோட வசம்பு ஒத்துவராது" என்றேன். பாருங்கள், ஒன்று சொன்னால் அடுத்தது தானாக வருகிறது.

நெய்யை வீட்டில்தான் காய்ச்சினேன், என் காசில். கிணற்றடி வாய்க்காலில் படர்ந்திருந்த வல்லாரையைப் பறித்து, இடித்துச் சாறு பிழிந்து, நெய்யோடு மெல்லிய நெருப்பில் வைத்தால் முதலில் பச்சை நுரை பொங்கும். ஈரம் வற்ற வற்ற நுரை அடங்கும். அடியில் தங்குகிற கற்கத்தை விரலில் எடுத்து உருட்டித் திரியாக்கி நெருப்பில் காட்ட வேண்டும். சடசடத்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. சத்தமில்லாமல் எரிந்தால் இறக்கலாம். அன்று மூன்று திரி எரித்துப் பார்த்தேன். பயனில்லை என்று தெரிந்த மருந்துக்கு அவ்வளவு பதம் பார்த்தது ஏன் என்று இப்போது யோசிக்கிறேன். சமாதானத்துக்கா? அல்லது, அடிமனதில் எங்கோ, கதைத்தாலும் கதைப்பான் என்று எனக்கும் ஒரு நப்பாசை இருந்ததா?

போத்தலைக் கொடுக்கும்போது மூன்று நிபந்தனை போட்டேன். பொட்டலம் நிற்க வேண்டும். மாதம் ஒருமுறை பேச்சுக் கிளினிக்குக்குப் போய்க் கொப்பியில் முத்திரை வாங்கி வந்து காட்ட வேண்டும், முத்திரை இருந்தால்தான் அடுத்த போத்தல். மூன்றாவது, பத்தியம்.

பத்தியம் என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மீன் விலக்கவா, புளி விலக்கவா என்று கேட்டார். போனை விலக்கச் சொன்னேன். நெய் கொடுக்க முன்னம் அரை மணித்தியாலம், கொடுத்த பிறகு அரை மணித்தியாலம், வீட்டில் போனும் ரீவியும் ஓடக்கூடாது. பிள்ளையை முன்னுக்கு இருத்தி, கரண்டியை உங்கள் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். அவன் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கும் மட்டும் பொறுங்கள். பார்த்ததும் 'தா' என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். கால் தேக்கரண்டி, காலையும் மாலையும். பிறகு அந்த அரை மணித்தியாலமும் அவன் என்ன செய்கிறானோ நீங்களும் அதையே செய்யுங்கள், மூடி சுழற்றினால் நீங்களும் சுழற்றுங்கள்.

இதில் ஒரு சொல்கூட என்னுடையதில்லை. பேச்சுக் கிளினிக்கில் அவருக்கு ஏற்கனவே சொல்லி அனுப்பியதுதான். அங்கே அது 'விளையாடுங்கோ' என்று இருந்தது, இங்கே பத்தியம் ஆகிவிட்டது. விளையாடச் சொன்னதை ஒருநாளும் செய்யாதவர், பத்தியத்தை ஒருநாளும் விடவில்லை.

சரி, அதில் நான் கொஞ்சம் பெருமைப்பட்டேன். இரவு படுக்கப் போகும்போது, இதுதானே வைத்தியம் என்று நினைத்தேன்.

ஐந்தாவது மாதம் தாய் நம்பர்கூட எடுக்காமல் உள்ளே வந்தார். "மிஸ், இவன் கேட்கிறான்!" என்றார். என்ன கேட்கிறான் என்று கேட்டேன். 'தா' என்கிறானாம். எங்களுக்கு முன்னால் அவனைக் கதைக்க வைக்க எல்லோரும் பாடுபட்டோம். அவனோ மூடியோடு போய்விட்டான். நம்பர் கூப்பிடுகிற தங்கச்சி, மருந்து கலக்கிற ஐயா, வரிசையில் நின்ற ஒரு கிழவர், எல்லோரும் 'தா சொல்லு, தா சொல்லு' என்று அவனைச் சூழ்ந்துவிட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. போகிற நேரம் மூடியை நான் கையில் எடுத்துக்கொண்டேன். அவன் வந்து என் முன்னால் நின்றான். கண்ணை அல்ல, என் மோவாயைப் பார்த்தான். வாயைத் திறந்து மூடினான். பிறகு "தா" என்றான். சத்தமே இல்லாத, காற்றுப் போன்ற ஒரு 'தா'.

தாய் என் காலைத் தொடக் குனிந்தார். விலகிக்கொண்டேன். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வரிசையில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பதினொரு வருடத்தில் ஒருநாளும் எனக்கு அப்படி ஒரு காலைப்பொழுது கிடைத்ததில்லை.

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன இடத்தில் கண்டவர்களுக்கெல்லாம் நெய்யைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். முதலில் ஓ.எல். சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகளின் தாய்மார் ஞாபகசக்திக்கென்று வந்தார்கள். அவர்களுக்குச் சம்பல் சாப்பிடச் சொல்லி அனுப்பினேன். பிறகு கதைக்காத பிள்ளைகள் வந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. மூவரையும் கிளினிக்குக்கு அனுப்பி, கொப்பி பார்த்து, பத்தியத்தோடு நெய்யும் கொடுத்தேன். இவ்வளவு பிள்ளைகளா என்று எனக்கே திகைப்பு. திகைத்திருக்கத் தேவையில்லை. 2009 இல் வெளிவந்த இலங்கை ஆய்வு ஒன்று ஒன்றரையிலிருந்து இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் என்று சொல்லியிருந்தது. அது கொழும்புக்குப் பக்கத்துக் கணக்கு. வன்னியில் மட்டும் பிள்ளைகள் வேறு மண்ணாலா செய்யப்பட்டிருக்கிறார்கள்?

அந்த நாட்களில்தான் செக்ரெற்றின் பற்றி வாசித்தேன். அப்போது பன்றியின் குடலிலிருந்து எடுத்த ஒரு சுரப்பு. 1998 இல் இதை ஏற்றிய, ஓட்டிசம் உள்ள மூன்று பிள்ளைகளுக்குப் பேச்சும் பார்வையும் முன்னேறியதாக எழுதினார்கள். அமெரிக்காவில் பெற்றோர் அதற்காக அலைந்தார்கள். அடுத்த வருடமே பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அந்தச் சுரப்பின் செயற்கை வடிவத்தையும் மற்றப் பாதிக்கு வெறும் உப்புநீரையும் ஏற்றிப் பார்த்தார்கள். வித்தியாசம் இல்லை. அதுவல்ல என்னை உலுக்கியது. முடிவைப் பெற்றோருக்குச் சொன்ன பிறகும், நூற்றுக்கு 69 பேர் இன்னமும் அந்த மருந்தில் விருப்பம் இருக்கிறது என்றார்களாம். பலனில்லை என்று சொன்ன பிறகும்.

மறுநாள் காலை பதிவேட்டைத் திருப்பினேன். 'நோய்' என்ற நிரலில், அந்தப் பொடியனுக்கு முதல்நாள் நான் எழுதியிருந்தது 'மந்தம்'. வயிற்று மந்தம் என்றும் வாசிக்கலாம், புத்தி மந்தம் என்றும் வாசிக்கலாம். யாரும் கேட்டால் வயிற்றைச் சொல்லலாம் என்றுதான் அப்படி எழுதினேன். அதற்குக் கீழே மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் மந்தம், மந்தம், மந்தம். என் கையெழுத்தில்.

துணுக்காய்த் தாய் வந்தது அன்றுதான், பத்தரை மணிக்கு.

அவருக்கு நான் நெய் கொடுக்காததற்குக் காரணங்கள் இருந்தன. பிள்ளையை அதுவரை ஒருவரும் பார்க்கவில்லை. காதுகூடச் சோதிக்கவில்லை, காது கேளாத பிள்ளைக்கு நெய் கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருப்பது பாவம். மூன்று வயது, போகிற ஒவ்வொரு மாதமும் பெறுமதியான மாதம். இதெல்லாம் சரியான காரணங்கள். ஆனால் இந்தக் காரணங்களில் எதுவும் அவரிடம் முத்திரை நிபந்தனை போட்டு நெய் கொடுப்பதைத் தடுத்திருக்காது. அப்பொடியனுக்குச் செய்ததையே செய்திருக்கலாம். நான் பயந்தேன். பதிவேட்டைப் பார்த்துப் பயந்த சூட்டில், நேர்மையாக நடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, கையில் கிடைத்த முதல் ஆளிடம் நேர்மையைக் காட்டினேன். அவர் பாவம், ஜாம் போத்தலோடு வந்தவர்.

"அப்ப அவவின்ர பிள்ளைக்கு மட்டும் ஏன் குடுத்தனீங்கள்?"

அன்று நான் சொன்ன பதில்: "அது வேற பிள்ளை."

பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், பத்தியத்தையும் சொன்னேன். ஆனால் நெய் இல்லாமல் சொன்னால் அது பத்தியமாக இல்லை, புத்திமதியாக இருந்தது. அவர் தலையாட்டிக் கேட்டார். போத்தலின் மூடியை இறுக்கிப் பூட்டி, பையில் வைத்து, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார். தந்துவிட்டுப் போன நம்பருக்கு இரண்டு தரம் எடுத்தேன். அணைத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பொட்டலக்காரர்களின் விளம்பரம் மட்டும் இப்போது என் போனிலும் வருகிறது, ஓட்டிசம் என்று தேடித் தேடி வாசித்ததில்.

பிறகு ஒருநாள் பொடியனின் தாயிடம் சொல்லியே விட்டேன். ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து, கதவைச் சாத்திவிட்டு. "தங்கச்சி, அவன் கதைக்கிறது நெய்யால இல்லை. நீங்கள் விடியவும் பொழுதுபடவும் முன்னுக்கு இருந்து, பொறுத்து, அவனோட மூடி சுழட்டினீங்களே, அதால. கிளினிக்கால. அவனும் தன்ர பாட்டில வளருறான்."

அவர் சிரித்தார். "நீங்கள் பெரிய மனசோட கதைக்கிறியள் மிஸ். வேற ஆளெண்டா தன்ர மருந்தெண்டு தம்பட்டம் அடிச்சிருக்கும்."

எனக்கு அழுகை வந்தது. ஏமாற்றியதைவிட மோசமான ஒன்றைச் செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் பட்டது. ஐந்து மாதம் அந்தப் பெண் பட்ட பாட்டை எடுத்து ஒரு போத்தலுக்குள் ஊற்றி மூடியிருக்கிறேன். ஆனால் போத்தல் இல்லாவிட்டால் அந்த ஐந்து மாதம் இருந்திருக்குமா? குளக்கட்டில் இந்த இடம் வந்ததும் எப்போதும் ஸ்கூட்டியின் வேகம் தானாகக் குறைகிறது.

பேச்சுக் கிளினிக்கில் இருந்தவருக்கு மாற்றம் வந்து போய்விட்டார். புதிதாக ஒருவரும் வரவில்லை. மூன்று மாதமாகக் கொப்பியில் முத்திரை இல்லை. பொடியன் இப்போது பத்துச் சொல் அளவில் சொல்கிறான். மூடிக்கு அவன் வைத்த பெயர் 'கட'. போன செவ்வாய்க்கிழமை தாய் வந்து, முத்திரை இல்லாத பக்கத்தைத் தானாகவே விரித்துக் காட்டி, பக்கத்தில் வெறும் போத்தலை வைத்தார். நான் நெய் கொடுத்தேன். பதிவேட்டில் மந்தம் என்றே எழுதினேன்.